நவகிரகத் தல யாத்திரை: கேட்டு உண்பதும் வழிபாடே!

காவிரியும் அதன் கிளை நதிகளும் வளம் சேர்க்கும் சோழநாட்டில், கும்பகோணத்தை மையமாகக் கொண்டு நவகிரகத் தலங்கள் ஒன்பதும் அமைந்துள்ளன. திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்னும் வரிசையில் பலரும் தரிசிக்கின்றனர். பெரியவர்களும் குழந்தைகளும் உடன் வரும் குடும்பத்தினர், கும்பகோணத்தில் தங்கி இரண்டு நாட்களில் நிதானமாக இந்த யாத்திரையை நிறைவு செய்கின்றனர்.

ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு தானியம் உரியது. சூரியனுக்குக் கோதுமை, சந்திரனுக்கு நெல், செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, சனிக்கு எள், ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. உலகை வாழவைக்கும் இந்தத் தானியங்களில் ஏதோ ஒன்று, சிலருடைய உடலுக்கு மட்டும் ஒவ்வாது. ஊருக்கெல்லாம் அமுதமாக இருக்கும் எள்ளுருண்டை ஒரு சிறுவனின் தொண்டையை அடைத்துவிடுகிறது. ஒரு துண்டு முந்திரி ஒரு பெண்ணை மயங்கி விழச் செய்கிறது.

இது வயிற்று மந்தமோ பித்தமோ அன்று. உடலின் காவல் படை, தீங்கற்ற உணவைப் பகையென்று கருதித் தன் இல்லத்தையே தாக்குகிற நிலை. அளவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நம்பியிருக்க இயலாது. கடுமையான ஒவ்வாமை உடையவருக்குக் கரண்டியில் ஒட்டிய மிச்சமே போதுமானதாகிவிடக்கூடும். இத்தகையோர் வீட்டில் பாதுகாப்பாக உண்டுவிடலாம். யாத்திரையிலோ மூன்று வேளையும் உணவகத்தையும் அன்னதானக் கூடத்தையும் பிரசாதக் கடையையும் நம்பியிருக்க வேண்டும். அவர்களும் அச்சமின்றி இறைவனைத் தரிசித்துத் திரும்ப, உடன் செல்லும் பெரியவர்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அவற்றை இந்தத் தலங்களே வழிநெடுகக் கற்றுத் தருகின்றன.

திங்களூர்: உபசரிப்பும் உண்மையும்

திருவையாற்றுக்கு அருகில் உள்ள திங்களூர் சந்திரனுக்குரிய தலம். கைலாசநாதர் கோயில் கொண்டிருக்கும் இவ்வூர், அப்பூதியடிகள் வாழ்ந்த ஊரும் ஆகும். திருநாவுக்கரசர் மீது கொண்ட பக்தியால் தம் மைந்தர்களுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே சூட்டி மகிழ்ந்தவர் அப்பூதியடிகள். அந்த அடியவரே ஒரு நாள் இல்லத்துக்கு எழுந்தருளியபோது அமுது படைக்க ஏற்பாடாயிற்று. வாழைக் குருத்து அரியச் சென்ற மூத்த மகனை அரவம் தீண்டியது. விருந்து தடைப்படலாகாது என்று பெற்றோர் துயரை விழுங்கிக்கொண்டு, மகனின் உடலை மறைத்து வைத்தனர். திருநீறு வழங்கும் வேளையில் மூத்தவன் எங்கே என்று அப்பர் பெருமான் கேட்டார். கேட்ட பின்னரே உண்மை வெளிப்பட்டது. அவர் பதிகம் பாட, பிள்ளை உயிர்பெற்று எழுந்தான் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

அன்பு மிகுந்த இடத்தில்தான் உண்மை மறைபடுவதும் எளிது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. இன்று நம் இல்லங்களில் நேர்வதும் இதுவே. "சுவாமி பிரசாதம், ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று பேரனுக்கு ஊட்டிவிடும் பாட்டியின் கையில் இருப்பது அன்புதான். மருமகளின் எச்சரிக்கையை மிகை என்று ஒதுக்கும் தாத்தாவின் மனத்தில் இருப்பதும் பக்திதான். ஆனால் ஒவ்வாமை, ஊட்டியவரின் மனத்தைப் பார்ப்பதில்லை. விருந்து தடைப்படுமே என்று எண்ணாமல் அப்பர் பெருமான் கேட்டதைப் போல, உண்பதற்கு முன் கேட்டுத் தெளிவதே இப்பயணத்தின் முதல் பாடம்.

ஆலங்குடி: கடலை என்பது எது?

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஆலங்குடி குரு பகவானுக்கு உகந்த தலம். ஆலகால நஞ்சை உண்டு தேவர்களைக் காத்ததால் இங்குள்ள இறைவன் ஆபத்சகாயேஸ்வரர் எனப் போற்றப்படுகிறார். குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை சாற்றுவதும், சுண்டல் நிவேதிப்பதும் வழக்கம்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். தமிழில் "கடலை" என்றால் அது எது? கொண்டைக்கடலையும் கடலை, வேர்க்கடலையும் கடலை, பொட்டுக்கடலையும் கடலை. கடலை மாவு கொண்டைக்கடலை இனத்தின் பருப்பில் அரைப்பது. கடலை எண்ணெய் வேர்க்கடலையில் ஆட்டுவது. எனவே வேர்க்கடலை ஒவ்வாத ஒருவர், "இதில் கடலை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், கேட்டவர் மனத்தில் ஒன்றும் சொல்பவர் மனத்தில் மற்றொன்றும் இருக்கக்கூடும். வடமாவட்டங்களில் மல்லாட்டை என்றும் மணிலாக்கொட்டை என்றும் வழங்குவது வேர்க்கடலையைத்தான். பரிமாறுபவர் வெளிமாநிலத்தவராக இருப்பின் குழப்பம் இன்னும் கூடும். பொருளையே காட்டிக் கேட்பது நல்லது. அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதும், பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிய ஒரு சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருப்பதும் பெரிதும் உதவும்.

கும்பகோணத்துக் காலைச் சிற்றுண்டியில் இட்லிக்குத் துணையாக வரும் கடப்பாவையே எடுத்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த எளிய குழம்பாகவே அது தோன்றும். அதில் அரைத்து விட்ட விழுதில் தேங்காயோடு பொட்டுக்கடலையும் கசகசாவும் இருக்கலாம். சில இடங்களில் முந்திரியும் சேரும். குருமா, சட்னி, புளியோதரை முதலியவற்றிலும் இவ்வாறே அரைபட்ட பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே கண்ணை நம்பாமல், அரைத்தவரைக் கேட்க வேண்டும்.

திருநாகேஸ்வரம்: பாலும் நெய்யும்

கும்பகோணத்துக்கு மிக அருகில் உள்ள திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்கு ராகு காலத்தில் பாலாபிஷேகம் நடைபெறுகிறது. திருமேனியில் வழியும் பால் நீல நிறமாகத் தோன்றும் அதிசயத்தைக் காண அன்பர்கள் திரள்கின்றனர்.

பால் அருந்தினால் வயிறு உப்புவோர் பலர். அது செரிமானக் குறை. பாலில் உள்ள புரதமே ஒவ்வாதவர் நிலை வேறு. அவருக்கு நெய்யும் மோரும் பன்னீரும் ஒன்றே. நன்கு உருக்கிய நெய்யிலும் பால் புரதத்தின் எச்சம் இருக்கக்கூடும். வெண்பொங்கலை நெய் ஊற்றாமல் தரச் சொன்னால், மேலே ஊற்றுவதைத்தான் நிறுத்துவார்கள். உள்ளே கலந்தது கலந்ததுதான். நெய் ரோஸ்ட் வார்த்த அதே கல்லில் சாதாரண தோசையும் வார்க்கப்படும். கல்லைத் துடைத்துத் தனியாக வார்த்துத் தர இயலுமா என்று கேட்பதில் தவறில்லை. கூட்டம் நெரியும் காலை எட்டு மணிக்குக் கேட்டால் எவரும் செவிசாய்க்க இயலாது. முற்பகல் பதினொரு மணியளவில், சாப்பாட்டுக் கூட்டம் தொடங்கும் முன் சென்றால், மேலாளரும் சமையற்காரரும் நின்று பதில் சொல்வார்கள்.

சூரியனார்கோவில்: கிரகங்களும் காத்த பத்தியம்

சூரிய பகவானே மூலவராக விளங்க, மற்ற எட்டு கிரகங்களும் தனித்தனிச் சந்நிதிகளில் சூழ்ந்திருக்கும் தலம் சூரியனார்கோவில். நவகிரகங்கள் தம்மைப் பற்றிய நோய் தீர, அருகில் உள்ள திருமங்கலக்குடி பிராணநாதரை வணங்கி, எருக்கிலையில் வைத்த தயிரன்னத்தை உண்டு விரதம் காத்தனர் என்று தலபுராணம் சொல்கிறது. விதியை நடத்துவோரே உணவில் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொண்டனர். பத்தியம் காப்பது பலவீனமன்று, அதுவும் ஒரு தவமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சூரியனுக்குரிய கோதுமை, உணவகத்தில் பல வேடங்களில் வருகிறது. மைதாவும் ரவையும் சேமியாவும் கோதுமையே. அரிசி உணவுதானே என்று உண்ணும் சாம்பாரிலும் ரசத்திலும் அது நுழையும் வழி ஒன்று உண்டு. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கப்படுகிறது. கோதுமை ஒவ்வாதவரும், கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளரும் இதை அறிந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற பருப்புப் பொடியும், உணவகத்தின் வெறும் சாதமும், உரிக்காத வாழைப்பழமும் அவர்களுக்கு ஒரு வேளையைப் பாதுகாப்பாகக் கடத்தித் தரும்.

கஞ்சனூர்: அக்கினியும் தீர்க்காதது

சுக்கிரனுக்குரிய கஞ்சனூரில் இறைவன் அக்னீஸ்வரர். அக்கினி தேவன் வழிபட்டதால் அமைந்த திருநாமம் இது. நெருப்பில் பட்டால் எல்லாம் தூய்மையாகிவிடும் என்பது நம் மரபு. கிருமிகளைப் பொறுத்தவரை அது உண்மையும் ஆகும். ஒவ்வாமைக்கு அது பொருந்தாது. வறுத்ததால் வேர்க்கடலையின் தீங்கு குறைவதில்லை. கொதிக்கும் எண்ணெயில் இட்டாலும் முந்திரி முந்திரியாகவே இருக்கும்.

ஆகவே பொது வாணலியைக் கவனிக்க வேண்டும். முந்திரி பக்கோடா பொரித்த எண்ணெயில் பிறகு உளுந்து வடையும் பொரிகிறது. பொடி தோசைக்கு எள் கலந்த பொடியைத் தூவிய கல்லில் அடுத்த தோசை வார்க்கப்படுகிறது. சட்னிக் கரண்டி சாம்பார் வாளிக்குள் சென்று திரும்புகிறது. கேள்வியை, "இது இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "எந்த எண்ணெய்? எந்த வாணலி? எந்தக் கரண்டி?" என்று தொடர வேண்டும். "பிடிக்காது" என்றோ "சேராது" என்றோ சொல்லி நிறுத்தலாகாது. பிடிக்காததைப் பரிமாறினால் ஒதுக்கி வைத்துவிடுவார் என்று எண்ணுவார்கள். "இது பட்டால் மூச்சு நின்றுவிடும், மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேரும்" என்று தெளிவாகச் சொன்னால், உணவு படைக்கும் எவரும் அதை அலட்சியம் செய்யத் துணியமாட்டார். "எனக்குத் தெரியவில்லை" என்று அவர் விடையளித்தால், அது மிக நேர்மையான விடை. நன்றி கூறி எழுந்துவிடலாம்.

வைத்தீஸ்வரன்கோவில்: மருந்தும் மகேசன் அருளே

செவ்வாய்க்குரிய இத்தலத்தில் சிவபெருமான் வைத்தியநாதராக, தையல்நாயகி அம்பிகையுடன் எழுந்தருளியிருக்கிறார். சித்தாமிர்தத் தீர்த்தமும், ஜடாயு குண்டத்துத் திருநீறும், திருச்சாந்துருண்டையும் பிணி தீர வேண்டுவோர் நாடும் அருட்பொருள்கள். இறைவனே மருத்துவராக நிற்கும் இடத்தில் மருந்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

ஒவ்வாத உணவு உட்சென்றால், பெரும்பாலும் சில நிமிடங்கள் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் குறிகள் தோன்றும். உடலெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், தொண்டை இறுகுதல், குரல் மாறுதல், மூச்சில் விசில் ஒலி, தொடர் வாந்தி, தலைசுற்றி மயக்கம் என அவை வரலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. தோலில் எதுவும் தோன்றாமலே மூச்சு திணறுவதும் உண்டு. இந்நிலையில் உயிர் காப்பது அட்ரினலின் ஊசி ஒன்றே. அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது. மருத்துவர் முன்பே அந்த ஊசியை எழுதிக் கொடுத்து, போடும் முறையையும் கற்பித்திருந்தால், தொடையின் வெளிப்புறத் தசையில் தாமதமின்றிப் போட வேண்டும். பிறகு 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்கலாம். மூச்சுத் திணறல் மிகுந்தால் சாய்ந்து உட்காரச் செய்யலாம். எழுந்து நடக்க விடலாகாது. சரியாகிவிட்டது போல் தோன்றினாலும் சில மணி நேரத்தில் மீண்டும் தாக்கக்கூடும் என்பதால், மருத்துவமனைக் கண்காணிப்பு அவசியம்.

அந்த ஊசி, வாகனத்தின் பெட்டியில் அன்று, உடையவரின் தோள்பையில் இருக்க வேண்டும். கோடையில் பூட்டிய காரின் வெப்பம் மருந்தைக் கெடுத்துவிடும். முதியோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் உட்கொள்ளும் மருந்துகளில் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தவை, இத்தகைய தாக்குதலைக் கடுமையாக்கவும் ஊசியின் பலனைக் குறைக்கவும் கூடும். யாத்திரைக்கு முன் மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நலம். மருந்தைத் தாமாக நிறுத்துவது கூடாது.

திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம்: எழுத்தும் இலையும்

முக்குளத் தீர்த்தங்களால் புகழ்பெற்ற திருவெண்காட்டில் புதனையும், பூம்புகாருக்கு அருகில் உள்ள கீழப்பெரும்பள்ளத்தில் கேதுவையும் வணங்கிச் செல்கையில், கடற்காற்று வீசத் தொடங்கும். கடலோர ஊர்களில் மீனும் இறாலும் சமைக்கும் உணவகங்கள் உண்டு. சைவ உணவகத்தைத் தேர்ந்தெடுப்பதால் அவை ஒவ்வாதவருக்கு ஒரு காப்பு கிடைக்கிறது. ஆனால் பாலும் முந்திரியும் எள்ளும் வேர்க்கடலையும் சைவச் சமையலறையில்தான் மிகுதி. எனவே சைவம் என்பதாலேயே அச்சமில்லை என்று எண்ணலாகாது.

புதன் கல்விக்கும் எழுத்துக்கும் அதிபதி. எழுத்தைப் படிக்கும் பழக்கமும் இங்கே துணை செய்யும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொட்டலமிட்ட உணவில் கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா ஆகியவை இருப்பின் அதை உறையில் குறிப்பிட வேண்டும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்களும் தம் உணவுப் பட்டியலில் இத்தகவலைத் தர வேண்டும். ஒற்றைக் கடைகளுக்கும் பிரசாதக் கடைகளுக்கும் அந்தப் பட்டியல் இல்லை. அங்கே வாய்விட்டுக் கேட்பது ஒன்றே வழி. அந்த விதிகளின் பட்டியலில் எள் இடம்பெறவில்லை என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

அன்னதானக் கூடங்களில் வரிசையாகப் பரிமாறும்போது கேள்விக்கு நேரமிராது. பந்திக்கு முன்பே பொறுப்பாளரிடம் விசாரிப்பது நல்லது. ஐயம் தீராவிட்டால், அவர் மட்டும் கையோடு கொண்டுவந்ததை உண்ண, மற்றவர் பந்தியில் அமரலாம்.

திருநள்ளாறு: நளபாகம் தந்த ஊர்

யாத்திரை நிறைவுறும் திருநள்ளாறு, காரைக்காலுக்கு அருகில் உள்ளது. தர்ப்பாரண்யேஸ்வரர் ஆலயத்தில் சனீஸ்வர பகவான் அருள்பாலிக்கிறார். அவருக்குரிய தானியம் எள். எள் தீபம், எள் சாதம், நல்லெண்ணெய் என எங்கும் எள்ளே. எண்ணெய் என்ற சொல்லே எள்ளின் நெய் என்பதிலிருந்து பிறந்ததுதான். எள் ஒவ்வாதவருக்கு இத்தலத்தில் மிகுந்த கவனம் தேவை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்கும். புளியோதரை, வத்தக்குழம்பு, இட்லிப் பொடி அனைத்திலும் அது உண்டு.

நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் நீராடுவது இங்குள்ள வழக்கம். எள் ஒவ்வாதவர் எண்ணெயையும் தீர்த்தத்தையும் தவிர்த்து, அறையிலேயே நீராடிவிட்டுத் தரிசனத்துக்குச் செல்லலாம். அவருக்காகக் குடும்பத்தில் மற்றொருவர் தீபம் ஏற்றலாம். ஏற்றியவர் சோப்பிட்டுக் கைகழுவிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். கைகளில் தடவும் கிருமிநாசினி திரவம் எள்ளின் எச்சத்தை நீக்காது. வழியில் அன்பர் ஒருவர் எள் சாதம் நீட்டினால், இரு கைகூப்பி வணங்கி, உடன் வருபவர் பெற்றுக்கொள்ளச் செய்யலாம். அதில் அபசாரம் ஏதுமில்லை. வாயால் உண்பது மட்டுமே பிரசாதமன்று. நெற்றியில் துலங்கும் திருநீறும், ஆரத்தியின் ஒளியும், கண்ணாரக் காணும் திருமேனியும் அவன் அருளே.

சனியின் பிடியிலிருந்து நளன் விடுபட்ட தலம் இது என்பதை அனைவரும் அறிவர். நாடிழந்து, உருமாறி, வேற்று மன்னனின் அரண்மனையில் தேரோட்டியாகவும் சமையல் வல்லுநனாகவும் வாழ்ந்தவன் அவன். அவன் சமைத்த உணவின் சுவையைக் கொண்டே தமயந்தி தன் கணவனை அடையாளம் கண்டாள். அதனால்தான் சிறந்த சமையலை இன்றும் நளபாகம் என்கிறோம். அவள் உணவைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அதைச் சமைத்தவன் யார் என்று தேடி அறிந்தாள். உண்மை அடுக்களையில்தான் இருக்கிறது.

அந்த அடுக்களை வரை நடந்து சென்று, பேரனுக்காக ஒரு கேள்வி கேட்கும் பாட்டியும் இத்தலத்தில் ஒரு வழிபாடே செய்கிறாள்.